வினாடிக்குப் பத்து

முதல் நாள் என் எண் ஆறு. வினாடிக்கு ஆறு கிளிக். திரையில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் இருக்கும். அம்புக்குறியை அதன்மேல் வைத்துப் பத்து வினாடி விடாமல் மவுஸ் பொத்தானை அழுத்த வேண்டும். நேரம் முடிந்ததும் வினாடிக்கு எத்தனை என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். தோள் இறுகி, பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கு நுனியில் வேர்வை நிற்க நான் அழுத்தியதற்கு அது சொன்ன பதில் ஆறு. பின்னால் நின்றிருந்த எங்கள் குழுத் தலைவன் எட்டிப் பார்த்தான்.

"சூசாலா அக்கா, கஷ்டம்தான்," என்றான். "டீம்ல இருக்கணும்னா பத்து வேணும். எங்க எல்லாருக்கும் பத்து இருக்கு."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி ரிசர்வ்லயே இருங்க. ரிசர்வும் முக்கியம்தானே."

ரிசர்வ் முக்கியம் என்று சொல்கிறவர்கள் யாரும் ரிசர்வில் உட்கார்ந்தவர்கள் இல்லை. நான் இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தேன்.

பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையின் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் கடை. பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், பாதி நாள் வேலை செய்து பாதி நாள் முனகும் ஏர்கோன் ஒன்று. கீழே யாராவது இஞ்சினை முறுக்கினால் மேலே மேசை அதிரும். நாங்கள் விளையாடியது நான்கு பேருக்கு நான்கு பேர் மோதும் ஆட்டம். ஆகாயத்தில் தீவுகள் தொங்கும். கட்டைகளை அடுக்கிப் பாலம் போட்டு எதிரியின் தீவுக்குப் போய், அவனை அடித்து விளிம்பிலிருந்து கீழே தள்ள வேண்டும். ஒரு கிளிக்குக்கு ஒரு அடி. குறுகிய பாலத்தில் இரண்டு பேர் நேருக்கு நேர் வந்துவிட்டால் வேறு சாமர்த்தியம் எதுவும் செல்லாது. யார் விரல் வேகமோ அவர் நிற்பார், மற்றவர் விழுவார்.

குழுவில் நான்கு பேர். தலைவனுக்கு இருபத்தாறு வயது, பொருட்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. பட்டறையை நடத்தும் அண்ணன் தம்பி இருவர். நான்காவது ஆள் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். ஐந்தாவது ஆள் நான். வயது முப்பத்தாறு, துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் கிளார்க். கடையில் எல்லோருக்கும் அக்கா. அந்த 'அக்கா'வில் மரியாதை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'நீங்க ஓரமா உட்காருங்க' என்பதும் அதிலேயே அடங்கியிருந்தது.

வருடத்துக்கு ஒரு முறை கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் ஒரு சமூக மண்டபத்தில் போட்டி நடக்கும். தீவிலிருந்தும் அக்கரையிலிருந்தும் கடைக்கு ஒரு குழு வரும். போன வருடம் நான் அங்கே போய்த் தண்ணீர் போத்தல்களைக் காவல் காத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது ஃபெர்ரிப் படகில் நின்றுகொண்டே முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருடம் நான் அந்த நால்வரில் ஒருத்தியாகப் போகிறேன். போட்டிக்கு எட்டு மாதம் இருந்தபோதுதான் தலைவன் என்னை அந்தக் கட்டத்தின் முன்னால் உட்கார வைத்து ஆறு என்ற எண்ணைக் காட்டினான்.

பத்து வேண்டுமென்றால் பத்து. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன். எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, பிடிவாதம்தான் வரும். அம்மா வீட்டில் இதற்கு நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதலில் கற்றுக்கொண்டது நடுக்கும் முறை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கையை இறுக்கிக்கொள்ள வேண்டும். குளிர் காய்ச்சல் வந்தவன் கைபோல அது தானாக நடுங்க ஆரம்பிக்கும். அந்த நடுக்கத்தை ஆள்காட்டி விரல் வழியாகப் பொத்தானுக்குக் கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். கையை இறுக்கினால் எனக்கு முகமும் சேர்ந்து இறுகியது. அதோடு கை நடுங்கும்போது மவுஸும் நடுங்குமே, குறி எங்கே நிற்கும்? பாலத்தில் எதிரி ஒருபுறம் நிற்க நான் வானத்தை அடித்துக்கொண்டிருந்தேன். விடவில்லை. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன் பதினைந்து நிமிடம், சனிக்கிழமை பிற்பகல் கடையில் இரண்டு மணி நேரம். இரண்டு மாதத்தில் ஆறு எட்டானது.

எட்டு வந்த வாரத்திலேயே கை போய்விட்டது. சோற்றுப் பானையைத் தூக்க முடியவில்லை. கதவுச் சாவியைத் திருப்பினால் முழங்கைவரை சுள்ளென்று இழுத்தது. என் கணவர் பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். விளையாட்டு என்றால் அவருக்குப் பந்து மட்டும்தான். நான் இடது கையால் தோசை திருப்புவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கிளினிக்ல என்ன சொன்னாங்க?"

"என்ன வேலைன்னு கேட்டாங்க. கிளார்க்னு சொன்னேன். ரெஸ்ட் குடுக்கச் சொன்னாங்க."

"சண்டை போட்டு வந்த கைன்னு சொல்லலையா?"

"சொன்னா ரெண்டு வாரத்துக்குப் பதிலா ரெண்டு மாசம் எழுதித் தருவாங்க."

"சரி, பாத்திரம் நான் கழுவுறேன்லா. ஆனா டீம்ல இடம் கிடைக்கலைன்னா அத்தனையும் சேர்த்து நீதான் கழுவணும்," என்றார். அன்றிலிருந்து தினமும் காலையும் மாலையும் என் கையில் தைலம் தேய்த்துவிட்டார். கிண்டலும் சேர்ந்துதான் வரும். ஆனால் ஒரு நாளும் தவறவில்லை.

அந்த ஓய்வு நாட்களில் இழுக்கும் முறையைப் பற்றியும் படித்தேன். பொத்தானின் மேல் விரலை அழுத்தி வழித்து இழுத்தால் பிடிப்பில் பொத்தான் துடித்து, ஒரே இழுப்பில் இருபது முப்பது கிளிக் பதிவாகும். பாகான் டாலாம் போட்டியில் இதற்குத் தடை. அடிப்பது விரல் இல்லை, பொத்தான்தான் உதறிக்கொள்கிறது என்பது காரணம். அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. அடி என்றால் அது என் விரல் அடித்ததாக இருக்க வேண்டும் என்று கடையில் பெரிய நியாயஸ்தி மாதிரிப் பேசினேன். எனக்கே அது திரும்பி வரும் என்று அப்போது தெரியவில்லை.

கை கொஞ்சம் ஆறியதும் மூன்றாவது முறைக்குப் போனேன். பட்டாம்பூச்சி என்று அதற்குப் பெயர். ஆள்காட்டி விரலும் நடு விரலும் ஒரே பொத்தானின் மேல் மாறி மாறி விழ வேண்டும். கையை இறுக்கக் கூடாது, அதனால் வலி குறைவு. ஆனால் இரண்டு விரலும் ஒரே கனத்தில் விழ வேண்டும். என் நடு விரல் சோம்பேறி. அதை வழிக்குக் கொண்டுவரப் பார்த்த இடத்திலெல்லாம் தட்டினேன். அலுவலக மேசையில் தட்டினேன், மேலாளர் அம்மா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பஸ் கம்பியில் தட்டினேன், பக்கத்து சீட்டுப் பெண்மணி எழுந்து வேறு இடம் போய்விட்டார். தூங்கிக்கொண்டிருந்த கணவரின் முதுகில் தட்டினேன். அதற்கு அவர் சொன்னதை எழுத முடியாது.

எட்டு தாண்டியது. சில நாள் ஒன்பதைத் தொட்டது. ஆனால் நிற்கவில்லை. காரணம் எனக்குத் தெரிந்தது. பினாங்கு வெக்கையில் விரல் வேர்த்துப் பிசுபிசுக்கும். அதோடு தைலப் பசையும் சேர்ந்தால் விரல் பொத்தானில் வழுக்கும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு எழும்பாது. டிஷ்யூவால் துடைத்தேன். ஒரு நிமிடத்தில் மறுபடியும் ஈரம்.

தினமும் குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசிக்கொண்டுதான் பயிற்சிக்கு உட்காருவேன். ஒரு நாள் நேரமாகிவிட்டது என்று விரலில் ஒட்டியிருந்த மிச்சத் திருநீற்றைத் துடைக்காமல் அப்படியே மவுஸில் கை வைத்தேன். விரல் இரண்டும் காய்ந்த சுண்ணாம்புச் சுவர்போல உலர்ந்திருந்தன. வழுக்கவில்லை, ஒட்டவில்லை. எண் ஒன்பது. மறுமுறையும் ஒன்பது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். சாமி கும்பிட்ட பலன் என்று பாதியும், நம் மூளையே மூளை என்று பாதியும் மகிழ்ந்துகொண்டேன்.

அன்றிலிருந்து மவுஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் திருநீறு. லிட்டில் இந்தியாவில் பூசைச் சாமான் கடையில் வாங்கும் அதே பொட்டலம்தான். முன்பு மூன்று மாதத்துக்கு வந்தது, இப்போது மூன்று வாரத்தில் தீர்ந்தது. கடைக்கார அண்ணன், "வீட்ல விசேஷமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கம்ப்யூட்டர் கடைக்குப் போகும்போது என் மவுஸையும் ஒரு சிறு டப்பியில் திருநீற்றையும் பையில் போட்டுக்கொண்டு போவேன்.

ஒன்பது பத்தானது. பிறகு பதினொன்று. ஒரு சனிக்கிழமை, எல்லோரும் சுற்றி நிற்க, திரை பதின்மூன்று என்று சொன்னது. பட்டறைத் தம்பி விசில் அடித்தான். தலைவன் என் கையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடியும் அடிக்கச் சொன்னான். மறுபடியும் பதின்மூன்று. நியாயமாகப் பார்த்தால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒன்பதுக்கு நாய்படாத பாடு பட்டவளுக்கு மூன்று வாரத்தில் பதின்மூன்று எங்கிருந்து வரும்? ஆனால் நாம் ஆசைப்பட்டது கையில் வந்து விழும்போது யார் அதைத் திருப்பிப் பார்க்கிறார்கள்? நான் பார்க்கவில்லை.

போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. வேறு வழியில்லாமல் தலைவன் குழுப் பட்டியல் எழுதும் வெள்ளைப் பலகையில் என் பெயரை உள்ளே எழுதினான். ஒருவர் வெளியே போக வேண்டும். சார் தானாகவே, "நான் ரிசர்வ்ல இருக்கேன். பரீட்சைப் பேப்பர் திருத்த நேரம் கிடைச்ச மாதிரி இருக்கும்," என்று சொல்லிவிட்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆறு வருடமாக அந்தக் குழுவில் ஆடிய மனிதர். அந்தச் சிரிப்பை நான் அன்று சரியாகப் பார்க்கவும் இல்லை. எனக்கு என் பெயரைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

போட்டி வாரத்தில், புதன்கிழமை, அலுவலகத்தில் என் மேசை மவுஸ் செத்துப்போனது. பையில் என்னுடையது இருந்ததால் அதைச் செருகி வேலையைத் தொடர்ந்தேன். அரை மணி நேரம் கழித்து மேலாளர் அம்மா என் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஒரே கண்டெய்னருக்கு ஏம்மா ரெண்டு ஃபாரம் அனுப்பியிருக்கே? கஸ்டம்ஸ்ல இருந்து போன் பண்றாங்க."

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு மேடம்," என்று பழியைத் தூக்கிக் கம்ப்யூட்டர் மேல் போட்டேன்.

அடுத்த படிவமும் இரண்டு முறை போனது. மூன்றாவதற்கு நான் பொத்தானை ஒரே ஒரு தடவை, குழந்தையைத் தொடுவதுபோல மெதுவாக அழுத்தினேன். அதுவும் இரண்டு. மதிய இடைவேளையில் சாப்பிடப் போகாமல் அந்தச் சாம்பல் நிறக் கட்டத்தைத் திறந்தேன். ஒரு முறை அழுத்தினேன். திரை இரண்டு என்றது. மறுபடியும் ஒரு முறை. ஒன்று. மறுபடியும். இரண்டு. கொண்டுபோன எலுமிச்சைச் சாதம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

மாலையில் கணவர் மவுஸைத் திருப்பிப் போட்டு, சின்னத் திருப்புளியால் கழற்றினார். பொத்தானுக்கு அடியில், இடுக்கில், உள்ளே இருந்த சின்னப் பெட்டியைச் சுற்றி எல்லா இடத்திலும் நரைத்த தூள். வேர்வையும் தைலமும் சேர்ந்து சில இடங்களில் பசையாகவே இறுகியிருந்தது.

"சாமி உள்ளயே குடியேறிட்டாரு," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்க ஃபேக்டரியில ஒரு தூசி உள்ள போகக் கூடாதுன்னு தலையிலேருந்து கால்வரைக்கும் மூடிக்கிட்டுப் போறோம். நீ பொட்டலம் பொட்டலமா கொட்டியிருக்கே. உள்ள தகடு சரியா ஒட்டாம துள்ளுது. ஒரு தடவை அமுக்குனா ரெண்டு தடவை ஒட்டிப் பிரியும். அதான் ரெண்டுன்னு எண்ணுது."

"பதிமூணுல எத்தனை என்னோடது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? தொடைச்சுத் தர்றேன், அடிச்சுப் பாரு."

"தொடைக்காதீங்க," என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. அவர் மூடியைத் திரும்பப் போட்டுத் திருகிக் கொடுத்தார்.

மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு நாள் நான் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? திருநீறு பூசுவது குற்றமா? ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் இந்த மவுஸோடு ஆடிவிட்டு, திங்கட்கிழமை குப்பையில் போட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? எட்டு மாதம் கை வீங்கியது பொய்யா? இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே வாதாடினேன். ஒவ்வொரு வாதமும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இழுக்கும் முறையைப் பற்றி நான் கடையில் அடித்த பேச்சு நடுவில் வந்து நின்றுகொண்டது. அங்கே உதறியதும் பொத்தான்தான், இங்கே உதறுவதும் பொத்தான்தான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கடைக்குப் போனபோது சார் இருந்தார். எனக்காகக் காத்திருந்தாராம். மணிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் சிறு தலையணை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். அவருடையது, பல வருடம் பயன்படுத்தி நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

"மண்டபத்து மேசை விளிம்பு கூர்மையா இருக்கும். கை வலியோட இருக்கீங்க. இதை வச்சுக்குங்க. எனக்கு இப்ப தேவையில்லதானே," என்றார். பிறகு, "நல்லா ஆடுங்க. மாதா துணையிருப்பாங்க," என்றும் சொன்னார்.

வாங்கிக்கொண்டேன். வெட்கம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சாப்பிட உட்கார்ந்தபோது கணவரிடம், "நாளைக்குச் சொல்லப்போறேன்," என்றேன். "தெரியும்," என்று சொல்லிவிட்டுக் குழம்பை என் பக்கம் நகர்த்தினார்.

சனிக்கிழமை பிற்பகல் ஐந்து பேரும் இருந்தோம். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். திருநீறு, தூள், இரண்டிரண்டாக எண்ணுவது, எல்லாவற்றையும். நடந்த வரிசையில் ஒன்றையும் விடாமல் சொன்னேன். பட்டறைத் தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் அவனை முழங்கையால் இடித்தான். தலைவன் மட்டும் யோசித்தான்.

"அலாமா, இதுக்கா இவ்ளோ சீரியஸா வந்தீங்க? யாருக்கும் தெரியாதுலா அக்கா. அங்க மவுஸைக் கழட்டியா பார்க்கப் போறாங்க? பேசாம வந்து பதிமூணு அடிங்க."

"அது என் விரல் அடிக்கிற அடி இல்ல தம்பி."

"ஜெயிச்சா போதும்லா."

"எனக்குப் போதாது. கடையில புது மவுஸ் ஒண்ணு பெட்டியோட இருக்குல்ல, அதை எடு. எல்லார் முன்னாடியும் அடிக்கிறேன். பத்து வந்தா விளையாடறேன். வரலைன்னா சார் விளையாடட்டும்."

பெட்டியைக் கிழித்துப் புது மவுஸைச் செருகினார்கள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். திருநீறு நெற்றியில் மட்டும் இருந்தது. ஆள்காட்டி விரல், நடு விரல். பத்து வினாடி என்பது எவ்வளவு நீளம் என்று அதை அப்படிக் கடந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆறாவது வினாடியில் சோம்பேறி விரல் பின்தங்கப் பார்த்தது. இழுத்துப் பிடித்தேன். கீழே பட்டறையில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது, அதற்கும் என் விரலுக்கும் போட்டி வைத்தேன். முடிந்தது.

ஒன்பது.

"ஒன்பது," என்றான் தலைவன். மூச்சு விட்ட மாதிரி இருந்தது அவன் குரல். "பத்து இல்லையே அக்கா. சரி சார், நீங்க உள்ள வாங்க. பிராக்டிஸ் ஆரம்பிப்போம்."

நான் சொன்ன சொல், எழுந்துவிட்டேன். சார் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டத்தைத் திறப்பார் என்று பார்த்தால், அந்தக் கட்டத்தையே மறுபடியும் திறந்தார்.

"சார், நீங்க எதுக்கு?" என்றான் தலைவன்.

அவர் கட்டத்தின்மேல் அம்புக்குறியை வைத்து அடித்தார். பத்து வினாடி கழித்துத் திரை எட்டு என்றது. சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "ரொம்ப நாளாத் தெரியும். மத்த எல்லாருக்கும் பத்துன்னு சொன்னதால வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு. இவங்க தன்னோட தப்பை இவ்வளவு பேர் முன்னாடி சொல்றப்ப நான் வாயை மூடிக்கிட்டு இந்த நாற்காலியில உட்காரக் கூடாது."

பட்டறை அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான். "எனக்கும் பத்து வந்ததே இல்லடா. உனக்கு இருக்குன்னுதான் நெனைச்சேன்," என்றான் அண்ணன். இருவரும் வரிசையாக வந்து அடித்தார்கள். அண்ணனுக்கு எட்டு. தம்பிக்கு ஏழு. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

நான்கு பேரும் தலைவனைப் பார்த்தோம். அவன் கைபேசியை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தான்.

"எனக்கு ஒரு டெலிவரி இருக்கு. அப்புறம் பார்க்கலாம்."

"உட்காரு தம்பி," என்றேன்.

"தா பாயாலா அக்கா, வேண்டாம், நேரமாச்சு."

"பத்து வினாடிதான். எட்டு மாசம் நான் உட்கார்ந்திருக்கேன். நீ பத்து வினாடி உட்காரு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சத்தம் போடவில்லை, ஆனால் அதில் நகர இடமில்லை. அவன் உட்கார்ந்தான். அடித்தான். அவன் அடிப்பதை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். நடுக்கும் முறை, கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. உடனே அதை விரட்டினேன். திரையில் எண் வந்தது.

ஏழு.

ஏர்கோன் முனகிக்கொண்டிருந்தது. எனக்குள் எழுந்த கோபத்தை எப்படிச் சொல்வது? இந்தக் கையைத் தூக்க முடியாமல் நான் இடது கையால் தலை வாரிய நாட்கள் நினைவுக்கு வந்தன. இல்லாத ஒரு எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஐந்து பேர் இருந்த அந்த இடத்தில் யாருக்கும் அது இருந்ததில்லை. எனக்கு மட்டும் அது நுழைவுச் சீட்டு.

"பத்துன்னு எங்கேருந்து வந்துச்சு தம்பி?" என்று கேட்டேன்.

அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான். "அன்னிக்கு வாய்ல வந்துச்சு. அக்கா ஒருத்தங்களைக் கூட்டிட்டுப் போனா பாகான் டாலாம் பசங்க சிரிப்பானுங்கன்னு இருந்துச்சு. பத்துன்னு சொன்னா நீங்களே விட்டுட்டுப் போயிருவீங்கன்னு நெனைச்சேன்."

சார் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இரண்டு வருடமும் எட்டு மாதமும் ஓரத்தில் உட்கார்ந்து பழகியவள், திட்டுவதற்கு என்னிடம் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்தக் கடையில் எல்லோரையும் விட வேகமான விரல் என்னுடையது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். திட்டு தேவைப்படவில்லை.

"எந்திரி தம்பி," என்றேன். "இது என் இடம்."

அவன் எழுந்தான். சாரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன், ஆட்டத்தைத் திறந்தேன். தலைவன் கொஞ்ச நேரம் வாசலில் நின்றான். பிறகு ஓரத்தில் கிடந்த ரிசர்வ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.